மரத்துப்போன பாதத்துக்கு எந்தக் கருவி? அழுத்த இன்சோல், வெப்பச் சாக்ஸ், வீட்டுப் பலகை: ஓர் ஒப்பீடு

சர்க்கரை நோயாளிகளுக்கான அணிகருவி என்றதும் எல்லாருக்கும் ரத்தச் சர்க்கரைதான் நினைவுக்கு வருகிறது. கையில் ஒட்டும் குளுக்கோஸ் சென்சாரில் பெரிய நிறுவனங்கள் வெகுதூரம் போய்விட்டன. ஒரு கல்லூரி ஆய்வகமோ நாலு பேர் சேர்ந்த சிறு நிறுவனமோ அங்கே புதிதாகச் செய்யக்கூடியது குறைவு. பாதத்தில் இன்னும் நிறைய இடமிருக்கிறது, தேவையும் பெரிது. 2023இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இண்டியாப் (INDIAB) ஆய்வு தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது. ஏழு பேரில் ஒருவர். இவர்களில் பலருக்கு ஆண்டுகள் போகப்போகப் பாத நரம்புகள் கெட்டு, ஆணி குத்தினாலும் தெரியாத நிலை வருகிறது. வலி சொல்லவேண்டியதை வேறு ஒன்று சொல்லியாக வேண்டும்.

அந்த 'வேறு ஒன்றை' வடிவமைக்க வருகிறவர்கள் நின்றுவிடும் இடம் ஒன்றே: காலணிக்குள் வைக்கும் அடிமெத்தையில் (இன்சோல்) அழுத்தத்தை அளப்பதா, வெப்பத்தை அளப்பதா? வெப்பம் என்றால் சாக்ஸாக நாள் முழுக்க அணிவதா, வீட்டில் ஒரு பலகையில் நின்று தினம் ஒருமுறை பார்ப்பதா? மூன்று வழிகளிலும் வேலை செய்யும் கருவிகள் உலகில் இருக்கின்றன. நம் ஊர்க் கால்களுக்கு எது என்பதுதான் கேள்வி.

## முதலில் அளவுகோல்கள்

கால் எங்கே இருக்கிறது? சென்சார் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு முன் கேட்கவேண்டியது இது. ஷூவுக்குள் இருக்கும் சென்சார், ஷூ வாசலில் கிடக்கும்போது எதையும் பார்ப்பதில்லை.

எச்சரிக்கை எத்தனை நாள் முன்னால் வருகிறது? ஒரு மணி நேரம் முன்னால் வந்தால் நோயாளி உட்கார்ந்து காலைத் தூக்கி வைக்கலாம். ஒரு மாதம் முன்னால் வந்தால் மருத்துவர் செருப்பை மாற்றித் தரலாம்.

பொய் எச்சரிக்கை எத்தனை? வாரத்துக்கு மூன்று முறை சும்மா கத்தும் கருவி ஒரே மாதத்தில் அலமாரிக்குப் போய்விடும்.

கருவியே புண் உண்டாக்குமா? உணர்வில்லாத காலில் ஒரு தையல் மேடு, ஒரு வயர் மடிப்பு, ஒரு சாலிடர் முனை போதும். இந்த ஒரு அளவுகோலில் தோற்றால் மற்றவற்றில் ஜெயித்துப் பயனில்லை.

ஓராண்டுச் செலவு. வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் போதாது. தேய்ந்து மாற்றும் இன்சோல், துவைத்துக் கெடும் சாக்ஸ், சார்ஜ் போட மறக்கும் நாட்கள் எல்லாமே செலவுதான்.

முதல் அளவுகோலுக்கு இந்த அட்டவணை:

| கால் இருக்கும் நிலை | அழுத்த இன்சோல் | வெப்பச் சாக்ஸ் | வீட்டுப் பலகை |
|---|---|---|---|
| வீட்டில் வெறுங்காலோடு | தெரியாது | சாக்ஸ் போட்டிருந்தால் மட்டும் | தினம் ஒருமுறை |
| செருப்பில் | செருப்பிலேயே பதித்தால் மட்டும் | சாக்ஸோடு செருப்பு போடுவோர் குறைவு | அன்றைய விளைவு மறுநாள் தெரியும் |
| ஷூவில் | நன்றாகத் தெரியும் | நன்றாகத் தெரியும் | அன்றைய விளைவு மறுநாள் தெரியும் |
| கோயில், வயல், குளியலறை | தெரியாது | தெரியாது | அன்றைய விளைவு மறுநாள் தெரியும் |

மேல்நாட்டுக் கருவிகள் பெரும்பாலும் மூன்றாவது வரிசையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இங்கே ஒரு குடும்பத்தலைவியின் கால் பகலில் பெரும்பகுதி முதல் வரிசையில் இருக்கிறது. ஷூ போட்டு எட்டு மணி நேரம் நிற்கும் செக்யூரிட்டி ஊழியரின் கால் மூன்றாவதில் இருக்கிறது. இவர்கள் இருவருக்கும் ஒரே கருவி பொருந்தாது.

## அழுத்த இன்சோல்

பாதப் புண்ணுக்கு நேரடிக் காரணம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம். ஆகவே காரணத்தையே அளப்பது கவர்ச்சியான யோசனை. அதற்கு ஆதாரமும் உண்டு. 2019இல் வெளியான மான்செஸ்டர் ஆய்வில், முன்பு புண் வந்து ஆறியவர்களுக்கு எட்டு சென்சார் கொண்ட இன்சோலும் கைக்கடிகாரமும் தரப்பட்டன. அழுத்தம் நீடிக்கும் இடத்தைக் கடிகாரம் சொல்ல, அவர்கள் காலை மாற்றி வைத்தார்கள். அடிப்பாதத்தில் புண் திரும்ப வருவது 71 சதவீதம் குறைந்தது. கலந்துகொண்டவர்கள் 58 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனாலும் திசை தெளிவு.

இதைச் செய்ய இறங்குகிறவர்கள் தடுக்கி விழும் இடம் சென்சாரின் வரம்பு. கடையில் எளிதாகக் கிடைப்பது எஃப்.எஸ்.ஆர். 402 என்ற, அழுத்தினால் மின்தடை மாறும் சென்சார். அதன் உணரும் வட்டம் 12.7 மில்லிமீட்டர் விட்டம், அதாவது சுமார் 127 சதுர மில்லிமீட்டர். அதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பு 0.2 முதல் 20 நியூட்டன் வரை. இப்போது கணக்குப் போடுங்கள். காலணிக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்பது பாத மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. இந்த வட்டத்தில் அது 25 நியூட்டன். எச்சரிக்கை தரவேண்டிய எல்லைக்கு முன்பே சென்சார் தன் வரம்பைத் தாண்டிவிடுகிறது. நரம்பு கெட்ட பாதத்தின் முன்பகுதியில் வெறுங்காலோடு நடக்கும்போது 600 கிலோபாஸ்கலும் வருவதுண்டு. அது 76 நியூட்டன்.

மறுபக்கம், மான்செஸ்டர் முறையில் பார்ப்பது நடையின் உச்சத்தை அல்ல. தோலின் நுண்குழாய்களை நசுக்கும் 35 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் எவ்வளவு நேரம் விடாமல் இருக்கிறது என்பதைத்தான். அதே வட்டத்தில் அது 0.6 நியூட்டன் மட்டுமே. ஆக 0.6இலிருந்து 76 வரை ஒரே சென்சாரால் நம்பகமாக அளக்க முடியாது. எதை அளக்கிறீர்கள் என்று முதல் நாளே முடிவெடுங்கள். நீடித்த அழுத்தம் என்றால் எஃப்.எஸ்.ஆர். போதும், வினாடிக்கு எட்டுப் பத்து முறை படித்தால் சரி. நடையின் உச்சம் என்றால் 111 நியூட்டன் வரம்புள்ள ஃப்ளெக்ஸிஃபோர்ஸ் வகை வேண்டும், வினாடிக்கு குறைந்தது 50 முறை படிக்கவேண்டும். வெலோஸ்டாட் என்ற மின்கடத்தும் பிளாஸ்டிக் தாளை வெட்டி ஒட்டிச் செய்யும் மாதிரிகள் கண்காட்சிக்கு நன்றாக இருக்கும். ஆனால் எடை ஏறியபடியே இருக்கும்போது அதன் மின்தடை நகர்ந்துகொண்டே போகும். அரை மணி நேரம் நின்றால் அது சொல்லும் எண்ணுக்கும் உண்மைக்கும் தொடர்பில்லை.

கெடும் இடங்களும் எப்போதும் ஒன்றேதான். விரல்கள் மடங்கும் கோட்டில் சென்சாரின் வால் (இணைப்புப் பட்டை) செல்லுமானால் சில வாரத்தில் அங்கே விரிசல் விழும். வாலை உள்பாத வளைவு வழியாக வெளியே கொண்டுவாருங்கள். வாலில் நேரடியாகச் சாலிடர் வைத்தால் பிளாஸ்டிக் உருகிவிடும். அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப் கனெக்டர்தான் சரி. சென்சாரின் விளிம்பு கடினமானது. அதை இன்சோலின் மேல்பரப்பில் ஒட்டினால் விளிம்பே தோலை அழுத்தும். குறைந்தது 3 மில்லிமீட்டர் மெத்தை மேலே இருக்கவேண்டும். மெத்தைக்குக் கீழே போனதும் சென்சார் சொல்வது மாறிவிடும். ஆகவே அளவுதிருத்தத்தை வெறும் சென்சாரில் செய்யாமல் ஒட்டி முடித்த இன்சோலில் செய்யுங்கள், இரண்டு வாரம் நடந்த பிறகு மறுபடி செய்யுங்கள்.

இன்னொரு குறை, இது செங்குத்து அழுத்தத்தை மட்டுமே பார்க்கும். தோல் பக்கவாட்டில் இழுபடும் உராய்வைப் பார்க்காது. செருப்பில் கால் முன்னும் பின்னும் சறுக்கும்போது அதுதான் அதிகம். சறுக்கினால் சென்சாருக்கு மேலே எந்த எலும்பு முனை இருக்கிறது என்பதும் மாறிவிடும்.

இதைத் தேர்ந்தெடுக்கவேண்டியது: ஒருமுறை புண் வந்து ஆறியவர், வேலைக்காக நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது ஷூ அல்லது பின்பட்டையுள்ள செருப்பில் இருப்பவர், எச்சரிக்கை வந்தால் உட்கார அனுமதி உள்ளவர். கடைசி நிபந்தனை சின்னதல்ல. ஜவுளிக்கடையில் நின்றே வேலை பார்ப்பவரின் உட்காரும் உரிமைக்குத் தமிழ்நாடு 2021இல் சட்டத்திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. உட்கார முடியாதவரிடம் 'உட்காருங்கள்' என்று சொல்லும் கருவியைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

## நாள் முழுக்க அணியும் வெப்பச் சாக்ஸ்

தோல் கிழியும் முன் உள்ளே திசு நசுங்கி அழற்சி வருகிறது, அந்த இடம் சூடாகிறது. இந்த அறிவுக்கு வேலூரோடு நேரடித் தொடர்பு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களோடு வேலை செய்த டாக்டர் பால் பிராண்ட், புண்ணுக்குக் காரணம் நோயல்ல, உணராமல் தாங்கும் அழுத்தமே என்று காட்டினார். இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்கும் எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்பு அந்த வேலையின் வழியில் வந்தது. பின்னர் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் அவர் பாதத்தின் சூடான இடங்களை வெப்பப்படம் எடுத்துத் தேடினார். அதன் தொடர்ச்சியாக வந்த விதிதான் இப்போது உலகெங்கும் உள்ளது: இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிடு, வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸைத் தாண்டி இரண்டு நாள் தொடர்ந்தால் நடையைக் குறை, மருத்துவரைப் பார்.

2.2 டிகிரி என்ற எண்ணை வைத்துக்கொண்டு சென்சார் வாங்கப் போங்கள். எல்லாரிடமும் கிடைக்கும் டி.எஸ். 18பி20 வெப்பச் சென்சாரின் பிழை அரை டிகிரி மேலும் கீழும். இடக்காலில் ஒன்று, வலக்காலில் ஒன்று வைத்தால் இரண்டுக்கும் இடையே ஒரு டிகிரி வரை பொய் வித்தியாசம் வரலாம். எல்லையில் ஏறக்குறைய பாதி அங்கேயே போய்விட்டது. டி.எம்.பி. 117 சிப்பின் பிழை 0.1 டிகிரிக்குள், விலை கூடுதல், ஆனால் இந்த வேலைக்கு அதுதான் தகும். பல சிப்புகளை ஒன்றாக இணைக்கும் ஓர் ஐ-டூ-சி பாதையில் இந்தச் சிப்புக்கு நான்கு முகவரிகளே உண்டு. ஒரு காலுக்கு ஆறு இடம் என்றால் இரண்டு பாதையோ, பாதை மாற்றித் தரும் ஒரு மல்டிபிளெக்ஸரோ தேவை. வெப்பத்தால் மின்தடை மாறும் 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர் மலிவு, மெல்லியது, சாக்ஸில் தைக்க வசதி. ஒரு சதவீத வகை வாங்கினால் மின்தடைப் பிழை மட்டும் கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவு. எல்லாவற்றையும் ஒரே தண்ணீர்ப் பாத்திரத்தில், 28 டிகிரியிலும் 36 டிகிரியிலும் வைத்து ஒவ்வொன்றின் பிழையையும் குறித்துக் கழித்தால் இன்னும் குறைக்கலாம். 3.3 வோல்ட்டை அதற்கு விடாமல் கொடுக்காதீர்கள். 10 கிலோ ஓம் மின்னழுத்தப் பிரிப்பானில் தெர்மிஸ்டரிலேயே 0.27 மில்லிவாட் வெப்பம் பிறக்கும்; அதுவே 0.1 முதல் 0.2 டிகிரி வரை கூட்டிவிடும். படிக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் தாராளம்.

மின்னணுவில் இவ்வளவு சரியாகச் செய்த பிறகும் இந்த வழி நம் ஊரில் திணறுவது வேறு இடத்தில். பைக்கில் வலக்கால் சைலன்சர் பக்கம். பஸ்ஸில் ஜன்னலோரம் ஒரு காலில் வெயில். தரையில் உட்காரும்போது ஒரு கால் மடிந்து தொடைக்கடியில். ஒவ்வொன்றும் இரண்டு கால்களுக்கும் இடையே இரண்டு டிகிரியைத் தாராளமாக உண்டாக்கும், ஒன்றுகூட நோயல்ல. தொடர்ந்து அளப்பதால் தகவல் கூடுகிறது என்று நினைக்கிறோம். கூடுவதில் பெரும்பங்கு இரைச்சல். நடமாட்ட உணரி ஒன்றைச் சேர்த்து, கால் இருபது நிமிடம் அசையாமல் இருந்த நேரத்து அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை சீராகும். அப்படிச் செய்தால் நாளுக்கு நாலைந்து நல்ல அளவு மிஞ்சும். அதற்காக நாள் முழுக்கச் சாக்ஸ் அணியச் சொல்வது நியாயமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளவேண்டும்.

சித்திரை வெயிலில் சாக்ஸ் என்பது வியர்வை, வியர்வை என்பது விரலிடுக்கில் பூஞ்சை, பூஞ்சை என்பது தொற்றுக்குத் திறந்த கதவு. துவைக்கும்போது மின்கடத்தும் நூல் அறுவது மறைந்திருக்கும் இன்னொரு செலவு. ஒருவருக்கு ஐந்தாறு ஜோடி இல்லாமல் வாரம் ஓடாது. காலில் வீக்கம் உள்ளவருக்கு மேல்பட்டை இறுகித் தடம் பதிக்கும்.

இதைத் தேர்ந்தெடுக்கவேண்டியது: ஏற்கெனவே சாக்ஸும் ஷூவும் போட்டு, குளிரூட்டிய அறையில் வேலை செய்பவர், ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்க்காரர், வெளிநாட்டுக் குளிரில் வாழ்பவர். இவர்களுக்குப் பழக்கத்தை மாற்றவேண்டியதில்லை, அதனால் கருவி காலிலேயே இருக்கும்.

## தினம் ஒருமுறை நிற்கும் வீட்டுப் பலகை

இது அணிகருவியே அல்ல. ஆனாலும் இதை ஒப்பீட்டிலிருந்து விட்டுவிட்டுச் செய்யும் எந்த வடிவமைப்பும் நேர்மையானதாக இருக்காது, ஏனென்றால் அணிகருவி வெல்லவேண்டிய எதிராளி இதுதான்.

2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில் நோயாளிகள் வீட்டில் தினமும் ஒரு விரிப்பில் சில நொடி நின்றார்கள். 2.2 டிகிரி எல்லையில், வரவிருந்த புண்களில் 97 சதவீதத்தை அது முன்கூட்டிச் சொன்னது, சராசரி 37 நாள் முன்னால். விலையும் உண்டு: பொய் எச்சரிக்கை வீதம் 57 சதவீதம். எல்லையை 3.2 டிகிரிக்கு உயர்த்தியபோது பொய் 32 சதவீதமாக இறங்கியது, பிடிபட்ட புண்களும் 70 சதவீதமாக இறங்கின. எந்த எல்லை என்பதை வடிவமைப்பாளர் மட்டும் தீர்மானிக்கக்கூடாது. எச்சரிக்கை வந்தால் போன் எடுக்க ஒரு செவிலியர் இருக்கும் கிளினிக் 2.2ஐத் தாங்கும். யாருமில்லாத இடத்தில் 2.2 என்பது பயமுறுத்தல் மட்டுமே.

செய்முறை எளிது. ஒரு மரப்பலகையில் ஒரு காலுக்கு ஆறு இடம்: பெருவிரல், அதன் பின்னுள்ள முதல் எலும்பு முனை, மூன்றாவது, ஐந்தாவது, நடுப்பாதத்தின் வெளிப்புறம், குதிகால். ஒவ்வொன்றிலும் சிறு அலுமினியத் தகடு, அதன் அடியில் டி.எம்.பி. 117. தகடுகள் ஒன்றையொன்று தொடக்கூடாது, தொட்டால் சூடு பரவி எல்லாம் ஒரே எண்ணைச் சொல்லும். தகடு தடிமனாக இருந்தால் காலின் சூட்டை உறிஞ்சித் தாமதமாக நிலைகொள்ளும். அரை மில்லிமீட்டர் போதும். அளவுகள் ஓடி நிற்கும்வரை காத்திருந்து எடுக்கவேண்டும், இத்தனை நொடி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடாது.

இன்னும் மலிவாக வேண்டுமானால் எம்.எல்.எக்ஸ். 90614 அகச்சிவப்பு சென்சார் வைத்த கைக்கருவி. இதில் ஓர் அழகு உண்டு. ஒரே சென்சாரை இரண்டு காலுக்கும் கொண்டுபோவதால் அதன் நிலையான பிழை கழித்தலில் பெருமளவு மறைந்துவிடும். ஆனால் சாதாரண வகையின் பார்வைக் கோணம் 90 டிகிரி. இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் நான்கு சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரியைச் சொல்லும்; சூடான சிறு இடம் அதில் கரைந்துபோகும். குறுகிய கோண வகை வாங்குங்கள், அல்லது தூரத்தை நிலைநிறுத்த முன்னால் ஒரு சிறு குழாய் வையுங்கள். கையில் நெடுநேரம் பிடித்தால் சென்சாரின் உடலே சூடாகி அளவு நகரும். இடுப்பு வளையாதவர், கண் மங்கியவர் தாமாக அளக்க முடியாது என்பது இதன் பெரிய குறை. பலகையில் அந்தத் தொல்லை இல்லை.

எந்த வகையானாலும் நேரம் முக்கியம். காலையில் எழுந்ததும், குளிக்கும் முன், வாசல் தெளிக்கும் முன். வெளியே போய் வந்திருந்தால் செருப்பைக் கழற்றி, இரண்டு காலையும் ஒன்றுபோல் தரையில் வைத்து 15 நிமிடம் உட்கார்ந்த பிறகு. ஒரு கால் கல்தரையிலும் ஒரு கால் பாயிலும் இருந்தால் அன்றைய அளவு வீண்.

இதைத் தேர்ந்தெடுக்கவேண்டியது: வீட்டிலும் வயலிலும் வெறுங்காலோடு இருப்பவர், செருப்பு மட்டுமே போடுபவர், முதியவர், ஒரே வீட்டில் இரண்டு சர்க்கரை நோயாளிகள் இருக்கும் குடும்பம். ஆளை அடையாளம் காண இரண்டு பெரிய பொத்தான் போதும். தமிழ்நாட்டில் முதல் கருவியாகச் செய்யவேண்டியது எது என்று கேட்டால் எங்கள் பதில் இதுவே. இன்சோல் அடுத்தது, அதுவும் புண் ஆறியவர்களுக்கு. வெயில் ஊருக்குச் சாக்ஸ் வேண்டாம்.

## மூன்றுக்கும் பொதுவாகத் தவறுகிற இடங்கள்

எச்சரிக்கை அதிர்வைப் பாதத்திலேயே வைப்பது அடிக்கடி நடக்கிறது. அதிர்வை உணர முடியாததுதான் இந்த நோயின் முதல் அடையாளங்களில் ஒன்று. மணிக்கட்டில் வையுங்கள், அல்லது ஒலியாக. சர்க்கரையால் கண்ணும் பாதிக்கப்பட்டிருக்கலாம். செயலியில் சிவப்புப் புள்ளி காட்டுவதைவிட, "வலது கால் பெருவிரலுக்குப் பின்னால் சூடு இருக்கு, இன்னைக்கு நடையைக் குறைங்க" என்று தமிழில் பேசுவது உதவும்.

லித்தியம் பை பேட்டரியைக் குதிகாலடியில் பதிப்பது ஆபத்து. மிதிபட்டு உப்பும், சூடாகும், அந்தச் சூடு நோயாளிக்குத் தெரியாது. இன்சோல் என்றால் பேட்டரியும் சர்க்யூட்டும் கணுக்காலுக்கு வெளியே, பட்டையில். சார்ஜ் போடும்போது காலில் இருக்கக்கூடாதபடி இணைப்பியை வடிவமையுங்கள்.

எம்.சி.ஆர். செருப்பிலேயே சென்சார் பதிக்கும் யோசனை நல்லது, ஆனால் வெயிலில் வாசலில் கிடந்த செருப்பு காலைவிடச் சூடாக இருக்கும். காலைச் செருப்பில் நுழைத்து முதல் அரை மணி நேர வெப்ப அளவுகளைத் தூக்கி எறியவேண்டும்.

## இந்த மூன்றும் பொருந்தாத கால்கள்

ஒப்பீட்டு விதி இரண்டு கால்களும் இருப்பதாக வைத்துக்கொள்கிறது. ஒரு காலோ விரல்களோ எடுக்கப்பட்டவருக்கு எதிர்ப்பக்கம் ஒப்பிட இடமில்லை. அதே காலின் மற்ற இடங்களோடும் அவருடைய பழைய அளவுகளோடும் ஒப்பிடவேண்டும், எல்லையை மருத்துவரோடு சேர்ந்து வகுக்கவேண்டும். ஒரு காலில் ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் அது குளிர்ந்திருக்கும். நல்ல கால் 'சூடாக' இருப்பதாகப் பலகை சொல்லும். இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் அழற்சி வந்தால் வித்தியாசம் பூஜ்யம், எச்சரிக்கையும் பூஜ்யம். கருவியைக் கொடுக்கும் முன் கால் நாடி பார்த்து, 10 கிராம் நைலான் இழையால் உணர்வைச் சோதித்து, யாருக்குக் கொடுக்கிறோம் என்று பிரிப்பது இதற்காகத்தான்.

ஏற்கெனவே திறந்த புண், நிறம் கறுத்த விரல், திடீரென்று வீங்கிச் சிவந்து சூடான பாதம் இருப்பவருக்கு எந்தக் கருவியும் வேண்டாம். அவர் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். கருவியின் முதல் திரையிலும் பெட்டியின் மேலும் இந்த வரி பெரிய எழுத்தில் இருக்கட்டும்.